அக்கி தடுப்பூசி: எனக்குக் குளிர்காய்ச்சல், அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. ஊசி வேலை செய்ததா?

மதுரை_செந்தில்:
வணக்கம். போன மாதம் அப்பாவும் நானும் ஒரே நாளில் ஷிங்ரிக்ஸ் என்ற அக்கி ஊசியைப் போட்டுக்கொண்டோம். அப்பாவுக்கு 76 வயது, சர்க்கரை உண்டு. எனக்கு 52. எங்கள் பெரியம்மாவுக்கு நெற்றியில் அக்கி வந்தபோது, வேளார் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வந்து படுத்துவிட்டார். கொப்புளம் இமைக்கு இறங்கின பிறகுதான் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அக்கி ஆறி வருடக்கணக்காகியும் இன்றைக்கும் அந்தப் பக்கம் சீப்பு பட்டால் துடித்துப்போகிறார். அதைப் பார்த்துத்தான் இந்தச் செலவுக்கே துணிந்தோம்.

ஊசி போட்ட அன்று ராத்திரி எனக்கு உடம்பு உதறல் எடுத்துவிட்டது. காய்ச்சல், தலைவலி, கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. அப்பா விடிந்ததும் வழக்கம்போல் பால் வாங்கப் போய்விட்டார். "உனக்கு அசல் ஊசி, எனக்குத் தண்ணி ஊசி போட்டுட்டாங்க" என்று கிண்டல் வேறு. வயசானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்கிறார்களே, அப்படியானால் அவர் உடம்பு ஊசியைக் கண்டுகொள்ளவே இல்லையா? இரண்டாவது ஊசிக்கும் அதே பணம் கொட்ட வேண்டும். போடலாமா, விட்டுவிடலாமா?

எதுக்கு_வம்பு:
76 வயதில் இதெல்லாம் எதற்கு சார். அதுவரைக்கும் வராதது இனிமேலா வரப்போகிறது.

ஊசிக்கார_அக்கா:
வம்பு தம்பி, அக்கி இனிமேல்தான் வரும். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போவதே இல்லை. முதுகெலும்பு ஓரத்து நரம்பு முடிச்சுகளில் படுத்துக் கிடக்கும். ஐம்பதைத் தாண்டினால் எழுந்திருக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். சர்க்கரை இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

செந்தில், தஞ்சாவூரில் வெகுகாலமாக நர்ஸாக இருக்கிறேன், உங்கள் வீட்டில் நடந்ததை நிறையப் பார்த்தாகிவிட்டது. இது என் அனுபவம் மட்டும் இல்லை, பரிசோதனைக் கணக்கும் இதையே சொல்கிறது. இந்த ஊசி போட்டவர்களில் 50 முதல் 69 வயதுக்காரர்களில் 57% பேருக்கு உடம்புவலி, 36% பேருக்கு நடுக்கம், 28% பேருக்குக் காய்ச்சல். எழுபதைத் தாண்டியவர்களில் உடம்புவலி 35%, நடுக்கம் 20% அளவு, காய்ச்சல் 14%. காய்ச்சல் அப்படியே பாதி. கைவலி மட்டும் இரண்டு பக்கமும் அதிகம், 88-க்கு 69. அதாவது நீங்கள் உதறினதும் புதிதில்லை, அப்பா பால் வாங்கப் போனதும் புதிதில்லை.

மதுரை_செந்தில்:
சரி அக்கா. ஆனால் என் சந்தேகமே அதுதான். பெரியவர்களுக்குக் காய்ச்சல் குறைவு என்றால் பலனும் குறைவு என்றுதானே அர்த்தம்?

பழைய_வாத்தியார்:
இல்லை. எல்லோரும் குழம்புகிற இடம் இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன்.

ஊசி போட்டதும் உடம்பில் இரண்டு வேலை நடக்கிறது. முதலாவது, அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று முன்வரிசைச் செல்கள் எழுப்பும் கூச்சல். இன்டர்லூக்கின் மாதிரி சில ரசாயனங்களை அவை ரத்தத்தில் கொட்டும். காய்ச்சல், உடம்புவலி, அசதி எல்லாம் அதனால். ஓரிரு நாளில் அடங்கிவிடும். இரண்டாவது வேலை அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளில் நடப்பது. அங்கே வெள்ளை அணுக்களில் இரண்டு வகையான டி செல்லும் பி செல்லும் எதிரியை அடையாளம் படித்து, பெருகி, நினைவுச் செல்களாகத் தங்குகின்றன. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அது நடக்கும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் காப்பாற்றுவது இந்த இரண்டாவது வேலைதான். முதலாவது இரண்டாவதைத் தொடங்கிவைக்கிறது, வாஸ்தவம். அதற்காகக் கூச்சல் எவ்வளவோ நினைவும் அவ்வளவு என்று கணக்குப் போட முடியாது.

வயதானால் இரண்டும் தளர்கின்றன என்பது உண்மை. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. புதிய டி செல்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். அது சின்ன வயதிலிருந்தே சுருங்க ஆரம்பித்து, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும். அதனால் பெரியவர்களிடம் பழைய எதிரிகளைப் பார்த்துப் பழகிய செல்கள் நிறைய இருக்கும், புதியதைப் படிக்கக்கூடிய கன்னிச் செல்கள் குறைவு. சாதாரண ஃப்ளூ ஊசி பெரியவர்களிடம் அவ்வளவாக எடுபடாததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இதைத் தெரிந்துகொண்டே தயாரித்த ஊசிகள் வந்துவிட்டன. ஃப்ளூவுக்கு ஒரு ஊசியில் மருந்துப் பொருளை நான்கு மடங்காக்கினார்கள், ஒவ்வொரு வகை வைரஸுக்கும் 15 மைக்ரோகிராமுக்குப் பதில் 60. 65 வயதைத் தாண்டிய ஏறக்குறைய 32,000 பேரிடம் சோதித்ததில் சாதாரண ஊசியைவிட 24% கூடுதலாகக் காப்பாற்றியது. 2014-இல் வந்த முடிவு அது. ஷிங்ரிக்ஸில் வேறு வழி. கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரே ஒரு புரதம், அதோடு ஏஎஸ்01 என்ற துணைப்பொருள். துணைப்பொருள் என்பது ஊரைக் கூட்டப் போடும் தண்டோரா மாதிரி. காது மந்தமான ஊருக்கு அதைப் பலமாகத்தான் அடிக்க வேண்டும். அதே தண்டோராவை 52 வயதுக்காரர் காதருகே அடித்தால்? உங்களுக்கு ராத்திரி நடந்தது அதுதான் செந்தில்.

அந்தத் துணைப்பொருளில் இரண்டு சரக்கு. ஒன்று பாக்டீரியாவின் மேல்தோல் கொழுப்பிலிருந்து எடுத்து வீரியம் குறைத்தது. இன்னொன்று சிலி நாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் சப்போனின். நம் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது இதே சப்போனின் இனத்தால்தான். உடனே யாரும் சீயக்காயைக் கரைத்துக் குடித்துவிடாதீர்கள், நம் குழுவில் அதையும் செய்யக்கூடியவர்கள் உண்டு.

எதுக்கு_வம்பு:
இவ்வளவு விளக்கமும் சரி சார், பலன் எவ்வளவு? அதைச் சொல்லவே இல்லையே.

பழைய_வாத்தியார்:
அதற்குத்தான் வருகிறேன். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் அக்கி வராமல் தடுத்தது 97%. எழுபதுக்கு மேல் மட்டும் தனியாக இன்னொரு சோதனை நடந்தது, அதில் 90%. எண்பதைத் தாண்டியவர்களிடமும் 89%. இப்போது அக்கா கொடுத்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காய்ச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது, பலன் சில புள்ளிதான் இறங்கியிருக்கிறது. செந்திலின் அப்பா மாதிரி "தண்ணி ஊசி" போட்டுக்கொண்டவர்களும் சேர்ந்துதான் அந்த 90%. இரண்டு சோதனையிலும் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஆறிலிருந்து பதினோராம் வருடம் வரை மொத்தமாக 80% அளவில் தாக்குப்பிடித்திருக்கிறது.

கொக்குவில்_ரொறன்ரோ:
வாத்தியார் ஐயா சொன்னதுக்கு எங்கட வீட்டிலயே ஒரு சாட்சி இருக்கு. இங்கே முதலில் வந்தது சொஸ்டாவக்ஸ் என்ற பழைய ஊசி. அம்மா அதைத்தான் 2012 அளவில் காசு கொடுத்துப் போட்டவ. அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது. பிள்ளைகளுக்குப் போடும் கொப்புளிப்பான் (சின்னம்மை) ஊசியின் அதே கிருமி, ஆனால் பல மடங்கு கூடுதலாக. அதன் பலனைப் பாருங்கோ: அறுபதுகளில் இருப்போருக்கு 64%, எழுபதுக்கு மேல் 38%, எண்பதுக்கு மேல் 18%. யாருக்கு அக்கி கூடுதலாக வருமோ அவைக்குத்தான் ஊசி குறைவாக வேலை செய்தது.

2017 கடைசியில் ஷிங்ரிக்ஸ் வந்த பிறகு குடும்ப வைத்தியர் அம்மாவை அதையும் போடச் சொன்னார். ஒன்ராறியோவில் 65 முதல் 70 வயது வரைக்கும்தான் இலவசம். அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது, மறுபடியும் காசு. முதலில் முணுமுணுத்தவ, பிறகு போட்டவ. பழைய ஊசியை 2020-இல் அமெரிக்காவில் விற்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு விசயம். வேல்ஸில் அந்தப் பழைய ஊசியை 2013-இல் கொடுக்கத் தொடங்கினபோது, 1933 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தவைக்கு இல்லை, அதன் பிறகு பிறந்தவைக்கு உண்டு என்று கோடு கீறினார்கள். ஒரு கிழமை முன்னால் பிறந்தவருக்கும் பின்னால் பிறந்தவருக்கும் வேறு என்ன வித்தியாசம் இருக்கப்போகுது? ஏழு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவைக்கு மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. ஏன் அப்பிடி என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கினம்.

மதுரை_செந்தில்:
நல்ல தகவல் அண்ணா. ஒன்று கேட்கிறேன், அப்பாவுக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டாவது ஊசியை முடிவு செய்யலாமா? பக்கத்து லேபில் அம்மை ஐஜிஜி என்று அந்த ஆன்டிபாடி டெஸ்டை எடுக்கிறார்கள்.

நெல்லை_லேப்:
எடுக்காதீங்க அண்ணாச்சி, காசு தண்டம். நான் லேபில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன். அப்பாவுக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருந்தால், ஊசி போடாமலே பாசிட்டிவ் என்றுதான் வரும். அது ஊசியால் வந்ததா பழசா என்று அந்த டெஸ்டுக்குப் பிரிக்கத் தெரியாது.

பழைய_வாத்தியார்:
நெல்லைக்காரர் சரியாகச் சொன்னார். அக்கி விஷயத்தில் ஆன்டிபாடி முக்கிய ஆளே இல்லை. வயதானவர்களிடம் அம்மை ஆன்டிபாடி ஓரளவு அப்படியே இருக்கும், ஆனாலும் அக்கி வரும். நரம்புக்குள் இருப்பவனை அடக்கி வைப்பது டி செல்கள். வயதோடு குறைவது அவைதான். அதை அளக்கிற பரிசோதனை ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் நடப்பது, தெருமுனை லேபில் கிடைக்காது.

எதுக்கு_வம்பு:
நீங்களெல்லாம் படித்தவர்கள், பேசுவீர்கள். கொரோனா சமயத்தில் இதையேதான் சொன்னார்கள். நார்வேயில் ஊசி போட்டுப் பெரியவர்கள் வரிசையாகச் செத்தார்கள். இங்கே ஜிம்முக்குப் போகிற பையன்கள் பொத்தென்று விழுகிறார்கள். பெரியவனுக்கும் ஆபத்து, சின்னவனுக்கும் ஆபத்து, ஆனால் ஊசி பாதுகாப்பானது. எப்படி?

ஊசிக்கார_அக்கா:
கேள்வி நியாயமானது தம்பி. கிண்டலாகக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். வாத்தியார் சார், நீங்களே சொல்லுங்கள், எனக்கு டூட்டி.

பழைய_வாத்தியார்:
நீங்கள் கேட்ட இரண்டையும், கேட்காமல் விட்ட ஒன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

நார்வே: 2021 ஜனவரியில், ஃபைசர் ஊசி போட்ட முதியோர் இல்லவாசிகளில் முப்பது சொச்சம் மரணங்கள் பதிவாயின. உண்மை. அங்கே முதலில் ஊசி போட்டதே இல்லங்களில் இருந்த மிகவும் தளர்ந்தவர்களுக்கு. அந்த நாட்டு முதியோர் இல்லங்களில் ஊசி இல்லாத காலத்திலும் வாரத்துக்குச் சராசரியாக 400 பேர் இறப்பது வழக்கம் என்று அவர்கள் மருந்து நிர்வாகமே சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் குழுவும் எதிர்பார்ப்புக்கு மீறின மரணம் இல்லை என்றது. ஆனால் நார்வே அதோடு விட்டுவிடவில்லை. கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிக்கு ஒரு சாதாரணக் காய்ச்சலே சுமையாகலாம், அவர்களுக்கு டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று குறிப்பு எழுதினார்கள். அது நேர்மையான வேலை. உங்கள் வாட்ஸ்அப்புக்கு முதல் பாதி மட்டும்தான் வந்து சேர்ந்தது.

இளைஞர்கள்: ஃபைசர், மாடர்னா மாதிரி எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு இதயத்தசை அழற்சி வந்தது நிஜம். அதிகம் வந்தது பதின்வயதுப் பையன்களுக்கும் இருபதுகளில் இருந்த ஆண்களுக்கும், அதுவும் இரண்டாவது ஊசிக்குப் பிறகு. பெரியவர்களுக்கு மிக அரிது. ஆனால் நம் ஊரில் பெரும்பாலோர் போட்டது கோவிஷீல்டும் கோவேக்சினும், இரண்டுமே எம்ஆர்என்ஏ இல்லை. பொத்தென்று விழுந்த மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆர் ஆராய்ந்தது, சென்னையிலேயே இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்திய ஆய்வு. 18 முதல் 45 வயதில் திடீரென்று இறந்த 729 பேரை, உயிரோடு இருக்கும் 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். ஆபத்தைக் கூட்டியவை: கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் இருந்தது, சாவதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் மட்டுமீறிக் குடித்தது, உடம்புக்கு மீறின உழைப்பு. இரண்டு டோஸ் ஊசி போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது.

அஸ்ட்ராஜெனெகா, அதாவது நம் கோவிஷீல்டு: வெளிநாடுகளில் அதனால் அரிதாக ரத்தம் உறைந்தது. அதுவும் வயது குறைந்தவர்களுக்கே கூடுதலாக. ஜெர்மனியில் நடந்த கூத்தைக் கேளுங்கள். 2021 ஜனவரி கடைசியில், பெரியவர்களைப் பற்றிப் போதிய தரவு இல்லை, 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் போடுங்கள் என்றார்கள். மார்ச் கடைசியில் தலைகீழாகி, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்றார்கள். பிரிட்டனும் ஏப்ரலில் 30 வயதுக்கு உட்பட்டோருக்கும், மே மாதம் 40 வயதுக்கு உட்பட்டோருக்கும் வேறு ஊசி கொடுக்கச் சொன்னது. மக்கள் குழம்பிப்போனார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கு மட்டும் தெளிவானது. அறுபதுக்கு மேல் கொரோனா ஆளை அடிக்கும், ஊசி ஆபத்து சொற்பம். இருபதுகளில் கொரோனாவால் சாவது அரிது, அப்போது ஊசியின் அரிய ஆபத்தும் தராசில் கனமாகத் தெரியும். ஒரே ஊசிதான், வயதுக்கு வயது விடை மாறும். "பாதுகாப்பானதா" என்று மொட்டையாகக் கேட்டால் இதற்குப் பதிலே கிடையாது.

பல்லாவரம்_பயணி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பெரியவர்களுக்குப் பக்கவிளைவு குறைவு என்று மேலே படித்ததும் நிம்மதியாக இருந்தது. அண்ணன் கம்பாலாவில் வேலை பார்க்கிறார். அம்மாவையும் அப்பாவையும் அங்கே கூட்டிப்போக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள் என்றார்கள். அப்பாவுக்கு 71. தைரியமாகப் போடலாம்தானே?

ஊசிக்கார_அக்கா:
ஐயோ, நல்லவேளை கேட்டீர்கள். அவசரப்பட வேண்டாம். இந்த ஊசியில் கதை நேர் எதிர். அது உயிருள்ள ஊசி, உடம்புக்குள் பெருகித்தான் வேலை செய்யும். வயதானவர் உடம்பு அதை மெதுவாகக் கட்டுக்குள் கொண்டுவருவதால், அரிதாகக் கல்லீரல், சிறுநீரகம் வரை போய்விடும். முதல் முறையாகப் போடுகிறவர் 60 வயதைத் தாண்டியிருந்தால் அந்த ஆபத்து பல மடங்கு. அப்போதும் லட்சத்தில் சிலருக்குத்தான், ஆனால் வந்தால் கடுமை. தைமஸில் கட்டி இருந்தோ, அதை ஆபரேஷனில் எடுத்தோ இருந்தால் எந்த வயதிலும் போடவே கூடாது.

உகாண்டாவில் மஞ்சள் காய்ச்சல் நிஜமாகவே உண்டு, திரும்பி வரும்போது நம் ஏர்போர்ட்டிலும் சான்றிதழ் கேட்பார்கள். அதனால் விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பழைய மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே டாக்டரிடம் வயதைச் சொல்லிப் பேசுங்கள். ஊசி கூடாது என்று அவர் முடிவு செய்தால் விலக்குச் சான்று தருவார். அதை அந்த நாடு ஏற்குமா என்பதையும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். புறப்பட வேண்டிய கட்டாயம் இல்லையென்றால், அண்ணனை லீவில் இங்கே வரச் சொல்வதும் ஒரு வழி.

பல்லாவரம்_பயணி:
அக்கா, கடைசி வரியை அண்ணனுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன்.

எதுக்கு_வம்பு:
அப்படியானால் ஷிங்ரிக்ஸில் பெரியவர்களுக்கு ஆபத்தே இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

பழைய_வாத்தியார்:
இருக்கிறது. கில்லன் பாரே என்று ஒரு நரம்பு நோய், கால் கை தளர்ந்துபோகும். 2021-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதை ஊசியின் எச்சரிக்கைக் குறிப்பில் சேர்த்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து லட்சம் ஊசி போட்டால் மூன்று பேருக்குக் கூடுதலாக வரக்கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. இந்தப் பக்கம், அக்கி வாழ்நாளில் மூன்றில் ஒருவருக்கு வரும் என்பது அமெரிக்கக் கணக்கு. அதில் வலி மாதக்கணக்கில் தங்குவது முதியவர்களுக்குத்தான் அதிகம். இந்த எடையைப் பார்த்து நான் என் வீட்டம்மாவுக்குப் போட்டேன். நீங்கள் வேறு முடிவெடுத்தால் சண்டை இல்லை. விலையைச் சொல்லித் திட்டினால் நானும் சேர்ந்து திட்டுவேன். ஒரு ஊசி பத்தாயிரத்துக்கு மேல், நம் நாட்டில் அரசு எங்கேயும் கொடுப்பதில்லை. ஓய்வூதியம் இல்லாதவர் வீட்டில் இதைப் பேசவே முடியாது.

எதுக்கு_வம்பு:
விலையில் ஒத்துப்போகிறோம்.

கொக்குவில்_ரொறன்ரோ:
ஊசி போட வசதி இல்லாதவைக்கு ஒன்று: ஒரு பக்கமாகக் கொப்புளம் கண்டால் 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியரிட்டப் போங்கோ. அசைக்ளோவிர் இன மாத்திரையை அதற்குள் தொடங்க வேணும். காவி பூசுவது வேண்டாம் என்று சொல்ல மாட்டன், மாத்திரையை விழுங்கிப்போட்டுப் பூசுங்கோ.

மதுரை_செந்தில்:
சரி, அப்பாவுக்கு இரண்டாவது ஊசி உறுதி. எனக்குத்தான் பயமாக இருக்கிறது. முதலிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா? ஆறு மாதம் தாண்டிவிட்டால் முதலிலிருந்து போட வேண்டுமா? எங்கள் டாக்டர், மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறார்.

ஊசிக்கார_அக்கா:
முன்கூட்டியே பாராசிட்டமால் வேண்டாம், காய்ச்சல் வந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் போடுவது வழக்கம். தாண்டினாலும் இரண்டாவதை மட்டும் போட்டால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மறுநாள் வேலையோ கல்யாணமோ இல்லாத நாளாகப் பாருங்கள்.

கடையில் வாங்குவதில்தான் கவனம் வேண்டும். டப்பாவில் இரண்டு குப்பி இருக்கும், ஒன்றில் பொடி, ஒன்றில் திரவம். இரண்டையும் கலந்துதான் போட வேண்டும். திரவத்தில்தான் சார் சொன்ன துணைப்பொருள் இருக்கிறது. வெறும் தண்ணீரில் பொடியைக் கலந்து போட்ட இடங்களும் உண்டு, அப்படிப் போட்டால் அப்பா சொன்ன தண்ணி ஊசியேதான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவே கூடாது. அதனால் ஐஸ் கட்டிமேல் நேராக வைக்காதீர்கள், நடுவில் துணியோ அட்டையோ வைத்துக் கொண்டுபோங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து கடைக்காரர் எடுப்பதைக் கண்ணால் பாருங்கள், மேஜை டிராயரிலிருந்து எடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். கலந்த பிறகு உடனே போட்டுவிட வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்து 6 மணி நேரத்துக்குள்.

மதுரை_செந்தில்:
அக்கா, எங்கள் கடைக்காரர் ஃப்ரிட்ஜில் ஊசிக்குப் பக்கத்தில் தயிர் பாக்கெட் வைத்திருக்கிறார்.

ஊசிக்கார_அக்கா:
வேறு கடை பாருங்கள்.